ஓடாது என்று சொல்லி வைத்த பிக்கப்

மனே,

நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே ஓம் என்றோ ஏலாது என்றோ சொல்லியிருக்கலாம். மறுகா சொல்றன் என்று வைத்துவிட்டேன். அது உனக்குப் புதிதாக இருந்திருக்கும். உன் அம்மா எதையும் பிறகுக்கு வைக்கிற ஆள் இல்லை. கறிக்கு உப்புக் கூடினாலும், வாசலில் செருப்பைத் தலைகீழாகக் கழற்றிப் போட்டாலும், அந்த இடத்திலேயே வாய் திறந்துவிடுகிறவள். இதற்கு மட்டும் வாய் வரவில்லை. அதனால்தான் இருந்து எழுதுகிறேன். கலியாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நீ இதை யாருக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை, கதிரவெளியில் பாதிப் பேர் இந்தக் கதைக்குள் நின்றவர்கள்தான்.

நீ கேட்டது இதுதானே: குருக்கள்மடத்தில் பெண் வீட்டுக்குப் போகும்போது அப்பாவின் பிக்கப்பையும் கொண்டு போக வேண்டும், மேலே இருக்கிற பழைய ஒஸ்டின் வண்டியின் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கீழே அடிச்சட்டமாக இருக்கிற ஜப்பான் சேசிக்கு ஏற்ற நல்ல கூடு ஒன்று வைக்க வேண்டும். கலியாணம் கட்டினால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் நம்முடைய வழக்கம். உன் அப்பாவும் அப்படித்தான் குருக்கள்மடத்தில் இருந்து என் வீட்டுக்கு வந்தார், ஒரு உடுப்புப் பெட்டியோடும் அந்த ஒஸ்டினோடும். போகிறவன் தகப்பனின் வண்டியைக் கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மட்டக்களப்பு கராஜில் ஊரான் வாகனத்தையெல்லாம் ஏறி ஓட்டிப் பார்க்கிற நீ, வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சுற்றி நடப்பாய், டயரை உதைத்துப் பார்ப்பாய், ஒருநாளாவது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறாயா? நான் அடுப்படியில் நின்றாலும் எனக்குக் கண் இருக்கிறது. நீ அதை ஓட்டக் கேட்கவில்லை, பிரித்துப் போடத்தான் கேட்கிறாய்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு நமக்கு மிஞ்சியது வீட்டின் சீமெந்துத் தரையும் நாம் மூன்று பேரும்தான். ஒஸ்டின் தப்பியதற்குக் காரணம் அது ஏற்கெனவே செத்துக் கிடந்தது. அதன் சேசி உப்புக்காற்றில் இற்றுப்போக, அப்பா அதைக் காட்டோரச் சேனைக் காணியில் கல் அடுக்கி ஏற்றி வைத்திருந்தார், கோழிகள் உள்ளே அடை கிடந்தன. மற்றப் பக்கம், கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் கடற்கரையோரம் நிறுத்தியிருந்த புதிய ஜப்பான் பிக்கப்பைக் கடல் தூக்கிக்கொண்டுபோய்க் களப்போரக் கண்டல் மரங்களுக்குள் மூக்குக் குத்த வைத்திருந்தது. கூடு நசிந்து தகரமாகிப் போனது. சேசியும் எஞ்சினும் அப்படியே இருந்தன. அந்த மனுஷன் வந்து பார்த்தார். கூட வந்திருந்த தன் தம்பியை அந்தக் கடலில் இழந்தவர். எடுக்கிறதென்றால் எடுங்கள், எனக்கு இதைப் பார்க்கவே முடியவில்லை என்று சொல்லி, எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் முகாமில் இருந்தோம், கிணறெல்லாம் உப்பு. பவுசரில் வருகிற தண்ணீருக்கு நான் வாளியோடு வரிசையில் நின்று எடுத்து வந்தால், உன் அப்பா அதில் பாதியை எஞ்சினுக்கு ஊற்றிக் கழுவுவார். குடிக்கிற தண்ணீரை இரும்புக்கு வார்க்கிறீர்களே, உங்களுக்கு மூளை கீளை கலங்கிப்போயிற்றா என்று முகாமே கேட்கக் கத்தினேன். அவர் திருப்பிச் சத்தம் போடவில்லை. உப்பை உடனே எடுக்காவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது என்று மட்டும் சொன்னார். நீ எண்ணெய்த் துணியோடு பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். உனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

காத்தான்குடியில் இருந்து வெல்டிங் நானா ஒருவர் தன் ஜெனரேட்டரோடு வந்தார், ஞாபகம் இருக்கும். ஜப்பான் சேசி ஒஸ்டினை விட நீளமும் அகலமும் கூட. நடுவில் வெட்டிக் குறுக்கினால் பலம் போய்விடும் என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதனால் ஒஸ்டின் கூட்டை முன்னுக்கு வைத்து, பின்பெட்டியைப் பலகையால் நீட்டினார்கள். கூடு உட்காருகிற இடங்களில் பழைய டயரை வெட்டி மெத்தை வைத்து போல்ட் போட்டார்கள். ஸ்டியரிங் தண்டு ஒஸ்டினின் ஓட்டைக்கு நேரே வராததால் தரையை அறுத்துத் திரும்பத் தகடு அடித்தார்கள். டயர்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. விபரம் தெரிந்தவன் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவான் என்று அப்பா பக்கப் பலகைகளை அகலமாகத் தொங்கவிட்டார். பெயின்ற் அடிக்க நானா டின்னோடு வந்தபோது வேண்டவே வேண்டாம், துரு துருவாகவே இருக்கட்டும் என்றார். நானாவுக்கு மனம் ஆறவில்லை.

“மச்சான், உள்ளுக்குக் குதிரை, வெளியில கழுதை. இத ஆருக்குக் காட்டப் போறீங்க?”

“ஒருத்தருக்கும் காட்டாமத்தான் நானா இவ்வளவு பாடும்.”

அது எதற்காக என்று உனக்கும் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஓடுகிற வாகனம் எதுவும் சொந்தக்காரனிடம் நின்றதில்லை. துவக்கு வைத்திருந்தவர்கள் எந்தப் பக்கத்தாராக இருந்தாலும், நல்ல பிக்கப்பைக் கண்டால் வேலை இருக்கிறது என்று கொண்டு போவார்கள். வளர்ந்த பிள்ளைகளையும் அப்படித்தான் கொண்டு போனார்கள். வீட்டுக்கு ஒராள் என்று படலையில் வந்து கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நமக்கு இருந்தது நீ ஒருவன். உனக்கு மீசை அரும்பிக்கொண்டு வந்தது, அதை வழித்துவிடச் சொல்லி நான் உன்னை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் ஏற்றினால் சென்றியில் மறித்துச் சோதித்து, வயது பார்த்து இறக்கிவிடுவார்கள். காட்டுப் பாதையால் உன்னைக் கொண்டுபோய்க் குருக்கள்மடத்தில் மாமி வீட்டில் விட வேண்டும், அந்தக் குழிக்கும் சேற்றுக்கும் பலமான வண்டி வேண்டும், அது வண்டி என்றே யாருக்கும் தோன்றக் கூடாது. அப்பாவின் திட்டம் முழுக்க இதுதான்.

பிறகு நாம் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. சத்தம் புதுசாகக் கேட்கிறது என்று சைலன்சரில் ஓட்டை போட்டார், அது காசநோய்க்காரனைப் போல இருமிக்கொண்டு போகும். வேகம் காட்டுகிற முள்ளுக்கு வயர் கொடுக்கவே இல்லை. எவ்வளவு ஓடினாலும் அது பூச்சியத்தில் கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டாட்டர் வேலை செய்யாது, தள்ளாமல் ஓடாது என்று ஊருக்குச் சொல்லி வைத்தார். சென்றியில் நிறுத்தினால் எஞ்சினை நிறுத்துவார், விசாரணை முடிந்ததும் நீயும் நானும் இறங்கித் தள்ள வேண்டும். நாம் பின்னால் தள்ளத் தள்ள, அவர் உள்ளே இருந்து, சீட்டுக்கடியில் ஒளித்து வைத்திருந்த சாவித்துளையில் சாவியைத் திருப்புவார். சந்தையில், கோயில் வாசலில், பள்ளிக்கூடத்தடியில், எங்கே நின்றாலும் தள்ளல்தான். உன் வகுப்புப் பெட்டைகளும் வந்து கைகொடுத்தபோது நீ முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாய். ஒருநாள் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பொடியன் நம்மோடு தள்ளினான். அண்ணே, இதைக் கடலில் தள்ளிவிட்டு வேறு வேலை பாருங்கள் என்று அவன் அறிவுரை சொன்னதை நினைத்து நினைத்து அப்பா வீடு வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். கடலுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் மனே, ஒளித்து வைக்கிறதற்கு ஒரு குணம் இருக்கிறது. அது கையில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கிழமை போவோம் என்பார், காட்டுப் பாதையில் புதிதாக ஒரு சென்றி வந்திருக்கிறது என்று கேள்விப்படுவோம். அடுத்த கிழமை மழை. பிறகு பரீட்சை முடியட்டும் என்று நான் சொன்னேன். பரீட்சை முடிய, நிலைமை கொஞ்சம் நல்லாயிருக்கிறதுதானே என்று அவர் சொன்னார். இவ்வளவு நாளும் ஒருவருக்கும் தெரியாத வண்டியை ஒரு தடவை வேகமாக ஓட்டினால் தெரிந்துவிடுமே என்ற பயம், உன்னைக் கொண்டுபோக வேண்டும் என்ற நினைப்பை விடப் பெரிதாகிவிட்டது. காப்பாற்ற வைத்த சாமானையே காப்பாற்றிக்கொண்டு இருந்தோம்.

பிறகு சண்டை மூண்டு பாதை மூடிவிட்டது. முன்னுக்குக் கடல், அதில் படகு இறக்க முடியாது. பின்னுக்குக் காடு, அதற்கும் அங்கால் ஆமி. தெற்கே பனிச்சங்கேணிக்குப் போனால் ஷெல். அரிசி வரவில்லை, மருந்து வரவில்லை. பங்கருக்குள் நாம் மூன்று பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்போம், மேலே ஓலைக்கொட்டிலுக்குள் அந்த வண்டி, தாங்கி நிறைய டீசலோடு, ஒன்றும் ஏலாததைப் போல நிற்கும். எனக்கு அதைப் பார்க்க ஆத்திரம் ஆத்திரமாக வரும். கட்டிப்போட்ட மாட்டுக்காவது புல் எட்டும், நமக்கு அதுவும் இல்லை என்று அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் மண்ணைக் கிளறிக்கொண்டு இருப்பார்.

ஊர் நடுவில் ஷெல் விழுந்த அன்று காலை பத்து மணி இருக்கும். புகை அடங்குவதற்குள் பக்கத்து வளவுப் பாக்கியம் மச்சாள் தன் மகள் சுதாவைப் பாயில் போட்டு, நாலு பேர் பிடிக்க, நம்முடைய படலைக்குக் கொண்டு வந்தாள். சுதாவுக்கு உன் வயது. தொடைக்கு மேலே துணியால் கட்டியிருந்தார்கள், துணி ஊறிப்போயிருந்தது. வாகரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் ஒருவேளை தப்பலாம். வேறு வாகனம் ஊரில் இல்லை.

“மச்சான், புள்ளைய ஏத்துங்க. ரத்தம் நிக்குதில்ல.”

“அது ஓடாது மச்சாள்.”

உன் அப்பா பொல்லாத மனுஷன் இல்லை. பாக்கியத்தின் வீட்டுக் கூரையைக் கடலுக்குப் பிறகு தன் கையால் போட்டுக் கொடுத்தவர். அவர் யோசித்து அதைச் சொல்லவில்லை. சென்றியில் கேட்டாலும், சந்தையில் கேட்டாலும், யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். தான் சொன்னது தன் காதில் விழுந்து, அதைத் திருப்பி எடுக்கத் தெரியாமல் நின்றார். தள்ளிப் பார்ப்போம் என்று யாரோ சொன்னார்கள், பாயைக் கீழே வைக்கப் போனார்கள். அப்போதுதான் நீ போனாய். கதவைத் திறந்தாய், குனிந்தாய், சாவியைத் திருப்பினாய். ஒரு தள்ளல் இல்லை, ஒரு இழுவை இல்லை, வண்டி உடனே பிடித்துக்கொண்டது.

நின்றவர்கள் அத்தனை பேரும் வெயிலிலும் மழையிலும் அந்த வண்டியைத் தள்ளியவர்கள். அவர்கள் அப்பாவைப் பார்த்த பார்வையை நானும் வாங்கிக்கொண்டேன். ஒழுங்கை முனையில் துவக்கோடு இரண்டு பேர் நின்றார்கள், அவர்களும் பார்த்தார்கள். அப்பா உன்னை இறங்கச் சொல்லிவிட்டு ஏறினார். சுதாவையும் பாக்கியத்தையும் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, அந்த வண்டிக்கு எவ்வளவு ஓடத் தெரியுமோ அவ்வளவு ஓட்டிக்கொண்டு போனார். சுதா தப்பினாள். அப்பாவை விடவில்லை. வண்டியும் தேவை, அதை ஓட்டுகிற ஆளும் தேவை என்று துவக்குக்காரர் அங்கேயே மறித்து வைத்துவிட்டார்கள். பின்னேரம் செய்தி சொல்ல வந்தவன் உன்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“வீட்டுக்கு ஒராள் எண்டுதானே கேட்டது. உங்கட கணக்குச் சரி.”

அதோடு உன்னை விட்டுவிட்டுப் போனான். சில நாளில் ஊர்ச்சனத்தோடு சேர்ந்து நீயும் நானும் காட்டுக்குள் இறங்கினோம். தண்ணீர்ப் போத்தலை என் கையில் தருவாய், வாங்குவாய், முகத்தைப் பார்க்கமாட்டாய். நான் ஏசுவேன் என்று காத்துக்கொண்டு நடந்தாய் என்பது எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிப் போட்டதற்கு ஏசுகிறவள் இதற்கு என்ன சொல்லப் போகிறாள் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த கூடார முகாமிலும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்ப விட்டபோது, வாகரைப் பக்கம் ரோட்டோரப் புளியமரத்தடியில் பிக்கப் நின்றது. ஓட்டியவர்கள் பின்வாங்கும்போது டீசல் முடிந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு வந்த ஆமிக்காரர் அதைப் பழைய இரும்பு என்று நினைத்து, பலகையில் உடுப்புக் காயப் போட்டிருந்தார்கள். பற்றரி செத்து, உண்மையாகவே ஓடாமல் கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வரச் சனம் தானாக வந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிடுகிற முகமும் எனக்கில்லை. சுதா நொண்டிக்கொண்டு வந்து பலகையில் கை வைத்தாள். நீ அன்றைக்கு வரவில்லை, தலையிடி என்று படுத்துவிட்டாய்.

வண்டி வந்தது, மனுஷன் வரவில்லை. அவரை வன்னிக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். யுத்தம் முடிந்து முகாம்களில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தபோது, நான் அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸின் கதவடியிலும் நின்றேன். மரணச் சான்றிதழ் எடு, உதவி கிடைக்கும் என்றார்கள். எடுக்கவில்லை. பிக்கப்புக்குப் புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன், இடைக்கிடை ஆளைக் கூப்பிட்டு எஞ்சினை ஓடவிட்டேன், சைலன்சர் ஓட்டையை அடைக்க வந்தவனை விரட்டிவிட்டேன். அவர் விட்டபடி இருக்க வேண்டும் என்று அப்படிச் செய்தேன். உன்னையும் அதனால்தான் மட்டக்களப்பைத் தாண்டி வேலை தேட விடவில்லை. வெளிநாட்டு அலுவல் வந்தபோது, அப்பா வந்து கேட்டால் நான் என்ன சொல்வது என்று உன் வாயை அடைத்தேன். நீயும் அந்த வண்டியும் நானும் ஒரே வளவுக்குள் நின்றுகொண்டிருந்தோம்.

இப்போது உன் மாமியார் வீட்டில் இருந்து நாசூக்காகக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள், மணவறையில் நான் நிற்பேனா, பின்னுக்கு இருப்பேனா என்று. நிற்பேன் என்று சொல்லிவிடு. பொட்டோடும் தாலியோடும்தான் நிற்பேன். அவர் வருவார் என்பதற்காக இல்லை. அவர் கட்டியது, எனக்குப் பிடித்திருக்கிறது, யாருக்கும் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. உனக்கும் ஒன்று சொல்கிறேன். அந்த வீட்டில் போய், பிடிக்காததைப் பிடித்தது போலச் சாப்பிடாதே, முதல் நாளே சொல்லு. மனைவி நல்ல பீங்கானை அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் எடுத்துச் சோறு போடச் சொல்லு, உடைந்தால் உடையட்டும். கையில் இருக்கிற நல்லதைத் தேவைப்பட்ட அன்று எடுக்கத் தயங்காதே. உனக்கு அது நான் சொல்லித் தர வேண்டியதில்லை, பதினாறு வயதிலேயே உனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நீ சாவியைத் திருப்பாமல் இருந்திருந்தால், உன் அப்பா என் வீட்டில்தான் இருந்திருப்பார், ஓம். பாக்கியத்தின் வாசலைத் தாண்டி நடக்க முடியாத ஆளாக, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தலை குனிந்தபடி இருந்திருப்பார். அந்த மனுஷனோடு அப்படி வாழ என்னால் முடிந்திருக்காது.

பிக்கப்பை எடு. வெள்ளிக்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா, வளவிலேயே வைத்துக் கூட்டைக் கழற்று, நானும் போல்ட் பிடிக்கிறேன். துருப்பிடித்து இறுகியிருக்கும், எண்ணெய் போட்டு வைக்கிறேன்.

அதற்கு முதல் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஒழுங்கை முனையில் அப்பா ஒரு கணம் பிரேக் போட்டு, பின்னால் ஓடி வந்த என்னைக் கூப்பிட்டார், நீ படலைக்குள் நின்றதால் உனக்குக் கேட்டிருக்காது. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார் என்று சொல்லி வந்திருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அது அவர் சொன்னதின் ஒரு துண்டு. மிச்சத்தைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்து எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

“நான் ஓடாதெண்டு சொல்லிட்டன். அவன் ஓட வெச்சிட்டான். புள்ளைய ஏசிப்போடாத, என்ன. வாறன்.”

நீ காட்டுக்குள் காத்திருந்த ஏச்சு அதனால்தான் வரவில்லை. உன்மேல் கோபத்தில் வாய் மூடியிருந்தேன் என்று நீ நினைத்துவிட்டாய். எனக்கு அவர் சொல்லைக் காப்பாற்றுகிற வேலை இருந்தது.

உன் அப்பா கடைசியாகப் பேசியது அது. கடைசியாக என்று எழுதிவிட்டேன், மனே. அதை வெட்டாமல் அனுப்புகிறேன்.

அம்மா